கவிழ்த்து வைத்த கிண்ணம்

அடி அண்ணாமலையில் எங்கள் தோப்பைப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள் அது தானாக முளைத்த காடு என்றே நினைப்பார்கள். பதினோரு வீட்டார் சேர்ந்து ஏரிக்கரைப் புறம்போக்கில் நட்டது அது. நாவல், நெல்லி, விளா, முருங்கை, அடியில் களாக்காய்ப் புதர், மரத்தின்மேல் கோவைக்கொடி, மண்ணுக்குள் வள்ளிக்கிழங்கு. மூன்று வருடம் தண்ணீர் ஊற்றினார்கள். அப்புறம் ஒருவரும் ஊற்றவில்லை, களை எடுக்கவில்லை, விழுந்த இலையைக்கூடக் கூட்டவில்லை. யார் வேண்டுமானாலும் பறிக்கலாம். ஒரு வேளைக் குழம்புக்கு மேல் மட்டும் கூடாது.

அந்தக் கட்டுப்பாட்டைக் காப்பாற்றச் சித்தப்பா ஒரு வழி வைத்திருந்தார். யாராவது மடி கொள்ளாமல் பறித்தால், புதருக்குள் ஒளிந்துகொண்டு அடித்தொண்டையில் "போதும்" என்பார். ஊரில் பாதிப் பேர் கீரையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். எனக்கு ரகசியம் தெரியும். தெரிந்தும் பயப்படுவேன். நான் அப்படித்தான், இன்றைக்கும் கேஸை மூடினேனா என்று மூன்று முறை எழுந்து போய்ப் பார்க்கிறவள்.

எட்டாம் வகுப்போடு நான் படிப்பை விட்ட வருடம். கீரை பறிப்பது என் வேலை. ஒருநாள் உச்சி வெயிலில், தோப்புக்கு நடுவே முருங்கைக் கிளையை வளைத்தேன். ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

"போதும்மா."

அது சித்தப்பா குரல் இல்லை. மெல்லிசாக, சருகு நகர்கிற மாதிரி இருந்தது. சித்தப்பா காலையிலேயே தோப்பு விஷயமாக மனு கொடுக்க வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தார். என் கையில் இருந்ததோ ஒரே ஒரு கொத்து.

சொன்னால் தோப்புப் பக்கமே யாரும் போகமாட்டார்கள் என்று பயம். சொல்லாவிட்டால் அது வீட்டுக்கே வந்துவிடும் என்று பயம். மறுநாள் என் பங்குச் சோற்றை எவர்சில்வர் கிண்ணத்தில் கொண்டுபோய் அங்கிருந்த பாறைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

அடுத்த நாள் கிண்ணம் கவிழ்ந்திருந்தது. முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்துக் கழுவியிருந்தது. பக்கத்தில் ஓர் இலையில் ஒரு கை களாக்காய், காம்பு கிள்ளி.

கத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

"இன்னாடி, மோகினி உனுக்குப் பாத்திரம் கழுவிக் குடுத்துச்சா? எங்க வூட்டுக்கும் வரச் சொல்லு" என்று அத்தை சிரித்தாள். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை நாளும் தோப்புப் பேயாக இருந்தவர் அவர்தான்; இது தன் வேலை இல்லை என்று அவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். அதனால் அவர்தான் ஜாஸ்தி பயந்தார். கொடுவாளை எடுத்துக்கொண்டு, மூன்று ஆட்களைக் கூப்பிட்டுப் போய், கூச்சல் போட்டபடி நடுப்புதர் முழுவதையும் வெட்டிச் சாய்த்தார். அதுவரை ஒரு கிளையைக்கூட வெட்டவிடாத மனுஷன்.

உள்ளே யாருமில்லை. சருகைக் குவித்துப் படுத்த தடம், அமுங்கியபடியே. முடிச்சுப் போட்ட ஒரு பழைய புடவை மூட்டை. கோயில் திருநீற்றுப் பொட்டலம்.

"பௌர்ணமிக்கு மலை சுத்தக் கூட்டினு வந்து வுட்டுட்டுப் போயிட்டாங்க போலக்குது. வயசான பொம்பள" என்றாள் அத்தை, சிரிப்பு இல்லாமல்.

சித்தப்பா கொடுவாளைக் கீழே போட்டுவிட்டு அந்தப் பாறைமேல் உட்கார்ந்தார். அதன்பிறகு அவர் ஒருநாளும் "போதும்" சொன்னதில்லை. வெட்டிய புதர் அடுத்த மழைக்கே தானாகத் தழைத்துவிட்டது.

மறுநாளிலிருந்து அம்மா அதே கிண்ணத்தில் சோறு கொண்டுபோய் அங்கே வைத்தாள். தினமும் எறும்பு மொய்த்து அப்படியே திரும்பி வந்தது.

"அதான் ஓடிப்போச்சே, அப்புறம் எதுக்குமா சோறு?" என்று கேட்டேன்.

அம்மா கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ பெரிய நிம்மதி. வெகுநாளைக்கப்புறம் அன்றுதான் பயமில்லாமல் தூங்கினேன்.