கைதட்டியவர்

ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் காயங்களுக்கு மருந்து கட்டுகிறவர் அவர். மெலிந்த உடம்பு, பெரிய கைகள். எங்கள் வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்த புதிதில் எந்தப் போட்டி காட்டினாலும் வந்துவிடுவார். ஆடுபவர்கள் யாரென்று தெரியாவிட்டாலும், உட்கார்ந்த உடனேயே ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்.

அன்று வெளிநாட்டு அணிகள் இரண்டு பனித்தரையில் மாறி மாறிச் சறுக்கி நடனமாடின. "கறுப்புச் சட்டைக்காரர் எங்கட ஆக்கள், ரீச்சர்," என்று ஆசிரியையான என்னிடம் சொல்லிவிட்டு, உட்கார்ந்திருந்த கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார்.

மற்ற அணியின் சிறு பெண் ஒருத்தி உயரத் துள்ளிச் சுழன்று, கால் தவறி விழுந்தாள். நாங்கள் எல்லோரும் "ஐயோ" என்றோம். அவர் மட்டும் பலமாகக் கைதட்டினார். அடுத்த கணமே அவர் முகம் கறுத்துப்போயிற்று. யாரையும் பாராமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் அவரைக் கண்டு, "அண்ணை, உங்கட ஆக்கள் வெண்டிட்டினம்," என்று அவர் பக்கம் வென்றதைச் சொன்னேன்.

"அந்தப் பிள்ளை எழும்பினதோ?"

"ஓம். எழும்பி முழுக்க ஆடி முடிச்சது."

"விழுந்த ஆக்களுக்கு மருந்து கட்டிறவன் நான், ரீச்சர். எனக்கு எப்பிடிக் கைதட்ட மனம் வந்தது?"

அதன்பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. எங்கோ இருந்த அந்தப் பெண்ணுக்கு இவரைத் தெரியாது. ஆனாலும் அவளுக்கு முன்னால் நிற்பவரைப் போலத்தான் அன்று ஆஸ்பத்திரி வாசலில் தலை குனிந்து நின்றார்.