எஸ்தரின் ரத்தமும் நம்முடைய விரதமும்

எஸ்தர் இறந்துவிட்டதாக அவருடைய தம்பி போனில் சொன்னபோது, "ஈரலா?" என்றுதான் முதலில் கேட்டேன். "இல்லக்கா, ஆர்ட்டு. ஊத்துக்கோட்டைல பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்துச்சி, அப்படியே சாஞ்சிடுச்சி. ஈரலு நல்லா கீதுன்னு போன மாசங்கூட டாக்டரு சொன்னாரு" என்றான். அழுகைக்கு நடுவில் எனக்கு அவன் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

காக்களூர் தொழிற்பேட்டையில் நம்மோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி ஒருவரைத் தொற்றியிருந்தால், அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை ஒரு சொட்டு ரத்தத்தில் காட்டும் மலிவான காகிதப் பட்டையை நாம் செய்கிறோம். அதை வடிவமைத்தவர் எஸ்தர். இளவயதில் ரத்தம் ஏற்றியபோது அவருக்கே அந்தக் கிருமி வந்து, மருந்து சாப்பிட்டு முழுதாகக் குணமானவர். கிருமி போனாலும் எதிர்ப்பொருள் போகாது. பட்டையில் கோடு விழுந்துகொண்டேதான் இருக்கும்.

பட்டையைச் சோதித்துப் பார்க்கத் தேவையான ரத்தம் வெளியிலிருந்து வரத் தாமதமானால் தன் விரலையே குத்திக்கொள்வார். "தேடிக்கினு இன்னாத்துக்குப் பேஜாரு? நான் கீறேன்ல" என்பார். கோடு பளிச்சென்று விழும், நாம் கைதட்டுவோம். அதே கையால் அவர் நீட்டிய எறாத் தொக்கை நாம் யாரும் தொட்டதில்லை.

மதியம் ஒருவர் டப்பாவில் இன்னொருவர் கைவிட்டுச் சாப்பிடும் கூட்டம் நம்முடையது. அவர் டப்பாவைத் திறந்தால் மட்டும் எனக்கு விரதம் வந்துவிடும். "வெள்ளிக்கெழம அம்மன், சனிக்கெழம பெருமாளு, சரி. புதன்கெழம எந்த சாமிம்மா?" என்று கேட்டுச் சிரிப்பார். வெட்கமில்லாமல் நானும் சிரிப்பேன்.

இத்தனைக்கும் பட்டையோடு பெட்டியில் போகும் தமிழ்க் குறிப்பை எழுதியவள் நான். கோடு தெரிந்தால் இப்போது நோய் இருக்கிறதென்று பொருளில்லை, சேர்ந்து சாப்பிடுவதால் இது பரவாது என்றெல்லாம் விளக்கியிருந்தேன். எஸ்தர் படித்துவிட்டு, "நல்லா எழுதிக்கீற. படிக்கிறவங்க நம்பணும், அதான்" என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அடக்கத்துக்குப் போயிருந்தோம். அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா அவ கூட்டாளிங்க? டப்பாவ தொறந்தா சண்ட போட்டுக்கினு துன்னுடுவாங்கம்மான்னு சொல்லிக்கினே இருப்பா. உங்களுக்கோசரம் ரெண்டு கரண்டி சேத்துதான் வெப்பேன். காலி டப்பாதான் ஊட்டுக்கு வரும்."

கூட வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த ரெண்டு கரண்டியும் தினமும் எங்கே போயிற்றென்று நம்மில் யாருக்கும் தெரியாது. "ஆமாம்மா, உங்க கைருசி அப்படி" என்றேன்.

நம்மை நல்லவர்களென்று தன் வீட்டில் சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். எஸ்தரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பெயர்தான். வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை, திருப்பிக் கொடுக்க அவரும் இல்லை.