ஷரீஃபுன்னிசா சொல்லாத வார்த்தை

ராயபுரத்தில் எங்கள் மளிகைக் கடைக்கு எதிர்வீடு ஷரீஃபுன்னிசாவுடையது. வீடு அவளுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், அவள் தம்பி ஹபீபுல்லா அதைத் தெரு முழுக்க மறக்கடித்திருந்தான். துறைமுகத்தில் படகு நடத்தும் தண்டேலாக இருந்த அவள் புருஷன் கட்டிய வீடு அது. சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது, "என் வூட்ட வுட்டுட்டு நான் எங்க போவேன்?" என்று வாசலில் பாய் விரித்துப் படுத்தவள் அவள். அப்போதே விதவை. பிள்ளை குட்டி கிடையாது.

சண்டை முடிந்ததும் ஹபீபுல்லா பெண்டாட்டி ஜஹானாராவோடு வந்து ஒட்டிக்கொண்டான். கப்பல்காரர்களுக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கிற வியாபாரம். வந்த புதிதில் அக்கா, அக்கா என்று உருகினான். அக்காவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டு, பாத்திரம் கை நழுவ ஆரம்பித்ததும் உருக்கமெல்லாம் நின்றுபோனது. கொல்லையில் கயிறு போட்டுவைக்கிற அறைக்குள் அவளைத் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டான். மிச்சம் மீதிதான் சோறு. குரல் கொடுத்தால் கயிற்றுத் துண்டால் அடி. அழுகைச் சத்தம் தெருவுக்குக் கேட்டபோது, "அக்காவுக்குப் பித்து புட்ச்சிகிச்சி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். எல்லோரும் பார்க்க வாராவாரம் தாயத்து வாங்கிவந்தான். பைத்தியம் என்று பெயர் வைத்துவிட்டால், அப்புறம் அவள் என்ன கத்தினால்தான் யார் காதில் ஏறும்? அந்தப் பாவியின் மூளையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஐம்பத்தொன்றில் ஹபீபுல்லா துரைக்கு ஹஜ்ஜு ஆசை வந்தது. ரயிலில் பம்பாய் போய், அங்கே கப்பல் ஏறவேண்டும். கிளம்புகிறவர்கள் அதற்கு முன் உறவு, அக்கம்பக்கம் எல்லோரிடமும் போய், செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அவனும் வீடு வீடாக ஏறி இறங்கினான். எங்கள் கடைக்கு வந்து என் அப்பா ராசையாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பொறுத்துக்குங்க அண்ணாச்சி."

"எனக்கு நீரு என்ன கெடுதல் செஞ்சீரு? சந்தோசமா போயிட்டு வாரும்வே" என்றார் அப்பா.

அந்த நேரம் பார்த்து பள்ளிவாசல் ஆலிம்சா கடைக்கு வந்தார். "உங்க அக்காகிட்ட கேட்டியாபா?" என்றார்.

"அது பித்து புட்ச்சது ஹஜ்ரத். அதுகிட்ட இன்னாத்த கேக்கறது?"

"மனுசனுக்குச் செஞ்ச கெடுதல அந்த மனுசன்தான் மன்னிக்கணும். புத்தி தெளிவு இல்லாதவங்க மன்னிச்சா செல்லாதுபா. அப்படின்னா அது உன் தலைமேலதான் கெடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹபீபுல்லாவின் முகம் சுண்டிவிட்டது. மறுநாள் அவன் ரயில் ஏறவேண்டிய நாள். அன்று காலையில் அக்காவுக்குப் புத்தி தெளிந்துவிட்டது! ஜஹானாரா அவளைக் குளிப்பாட்டி வெள்ளைப் புடவை கட்டிவிட்டாள். "மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லு. இல்லாங்காட்டி நான் திரும்பி வந்து இன்னா செய்வேன்னு உனுக்கே தெரியும்" என்று ஹபீபுல்லா மிரட்டித்தான் அவளை வெளியே கொண்டுவந்தான். பின்னால் ஷரீஃபுன்னிசாவே எனக்குச் சொன்னது இது.

வழியனுப்ப வந்த கூட்டம் வாசல் நிறைய நின்றது. ஆலிம்சா கேட்டார்: "இவங்க தெளிவா கீறாங்களாபா?"

"அல்லா மேல ஆணையா தெளிவா கீறாங்க ஹஜ்ரத். எங்க அக்காவுக்கு எப்பவும் தெளிவுதான்!" அவசரத்தில் உண்மை வந்து விழுந்தது.

ஷரீஃபுன்னிசா கூட்டத்தைப் பார்த்தாள். "எல்லாரும் கேட்டுக்கினீங்களா? நான் பைத்தியம் இல்லியாம். இவன் வாயாலயே சொல்லிட்டான்."

முக்காட்டை விலக்கி, கைகளை நீட்டிக் காட்டினாள். முழங்கை வரை கயிறு பட்ட தழும்பு. எல்லாவற்றையும் சொன்னாள். குரல் நடுங்கவே இல்லை. ஹபீபுல்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

"மன்னிப்பு வேணும்னா நான் இருந்த ரூமுக்குள்ள போய் குந்து. நானே தாப்பா போட்றேன். நான் தொறக்கற வரிக்கும் குந்திக்கினு இரு."

அவன் ஆலிம்சாவைப் பார்த்தான். அவர் அந்தத் தழும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம்தானே, கிழவி மனசு இளகிவிடும் என்று நினைத்திருப்பான். பயணத்துக்குப் போட்ட புதுச் சட்டையோடு உள்ளே போனான். அவள் காலை இழுத்து இழுத்து நடந்துபோய்த் தாழ்ப்பாளைப் போட்டு, கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். கூட்டமும் பின்னாலேயே கொல்லைக்கு வந்துவிட்டது.

வாசலில் ஜட்கா வண்டி காத்திருந்தது. "நேரமாவுது அக்கா" என்று ஜஹானாரா கெஞ்சினாள்.

"ஆவட்டும்."

உள்ளே கதவை இடித்தான். "அக்கா! ரயிலு பூடும் அக்கா!"

"பைத்தியம் மாரி கத்தாதடா" என்றாள் ஷரீஃபுன்னிசா. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான்தான் சிரித்தேன் என்று அப்பா சொல்வார், இருக்கலாம். ஒருத்தரும் அவளை எழுப்பப் போகவில்லை.

பம்பாய் ரயில் சென்ட்ரலை விட்டுக் கிளம்பிப் போனபிறகுதான் கதவைத் திறந்தாள்.

"மன்னிச்சிட்டியா அக்கா?"

"இல்ல. மூட்டைய அவுக்காத. அப்டியே எட்த்துகினு என் வூட்ட காலி பண்ணு. மன்னிப்ப அட்த்த வருசம் வந்து கேளு."

அவர்கள் புழலுக்குக் குடிபோனார்கள். அடுத்த வருஷம் ஹஜ்ஜு காலத்தில் வந்து கேட்டான். "அட்த்த வருசம்" என்றாள். அதற்கடுத்த வருஷமும் வந்தான். மன்னிப்பு வாங்காமல் ஹஜ்ஜுக்குக் கிளம்ப அவனுக்குப் பயம். அவன் வரும் நாளில் அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு காத்திருப்பாள்.

ஐம்பத்தெட்டில் அவள் இறந்துபோனாள். செய்தி கேட்டு ஓடிவந்தவன், வெள்ளைத் துணி சுற்றிய உடம்பின் பக்கத்தில் நின்று, "ஒரே ஒரு வார்த்த அக்கா, ஒரே ஒரு வார்த்த" என்று தலையில் அடித்துக்கொண்டான். முகத்தை மூடித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குத் துளி இரக்கம் வரவில்லை. நன்றாகக் கேட்கட்டும் என்று எங்கள் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.