துணிக்குச் சேராத வெள்ளை

என் நாத்தனார் தையல்காரி. தெருமுனையில் ஒற்றை அறைக் கடை. ஒரு மிஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி, சுவர் முழுக்க நூல்கண்டுகள். கத்தரி மடியிலேயே கிடந்தாலும் நூலைப் பல்லால்தான் அறுப்பாள். அறுத்து அறுத்து மேல்வரிசை முன்பற்கள் இரண்டிலும் பள்ளம் விழுந்தது. ஒன்று உடைந்தது, மற்றது ஆடி விழுந்தது. கழற்றி மாட்டும் பல் செட் வாங்கிக்கொண்டாள். பேசும்போது வழுக்கும், சாப்பிடும்போது கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைப்பாள். ஓரகத்திக்குப் புதுப் பல் வரும்வரை இதையெல்லாம் அவள் ஒரு குறையாகவே நினைத்ததில்லை.

ஓரகத்தி அவள் கொழுந்தனின் மனைவி. மாடிப்படியில் விழுந்து அதே இரண்டு பல்லை உடைத்துக்கொண்டவள், தாடை எலும்பில் திருகாணி பதித்து, அதன்மேல் பல் கட்டிக்கொண்டாள். இம்ப்ளான்ட் என்றார்கள். பல் கட்டிய கையோடு ஆப்பிளும் கையுமாகக் கடைக்கு வந்து நின்றாள்.

“அக்கா, இந்தச் சட்டையக் கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க.” ஆப்பிளை நறுக்கென்று கடித்தாள். “உங்களுக்கு ஒரு துண்டு? ஐயோ, மறந்தே போயிட்டேன் பாருங்க!”

அந்தச் சட்டையைப் பிடித்த பிடியில், போட்டால் மூச்சு விட முடியவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

தானும் அதேபோல் பல் கட்டிக்கொள்வதென்று நாத்தனார் கிளம்பினாள். நான் முதியோர் பராமரிப்பில் பயிற்சி பெற்றவள் என்பதால், பல் டாக்டரிடம் போக என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். பல் போய் நாளாகிவிட்டதால் எலும்பு கரைந்திருக்கிறது; எலும்புத் தூள் வைத்து, சில மாதம் பொறுத்துத்தான் திருகாணி போட முடியும் என்றார்.

“எங்க வீட்டுச் சின்னவளுக்கு உடனே வெச்சீங்களே?”

“அவங்களுக்கு எலும்பு போதுமான அளவு இருந்துச்சும்மா.”

வெளியே வந்ததும் பொரிந்து தள்ளினாள். “பாத்தீங்களா அண்ணி? எலும்புகூட அவளுக்குத்தான் நல்லா அமையுது!”

இரண்டு முறை வாயைக் கிழித்துத் தைத்தார்கள். இரண்டு முறையும் நான்தான் உடனிருந்தேன். கன்னத்தில் ஐஸ் ஒத்தடம், தலைக்கு உயரமான தலையணை, ஆறிய கஞ்சி. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, வேகமாகக் கொப்பளிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வலித்தது என்று ஒரு சொல் சொல்லவில்லை. “அவளுக்கு இவ்வளவு வீங்குச்சா?” என்று மட்டும் கேட்டாள்.

ஒருவழியாகப் பல்லின் நிறம் பார்க்கும் நாள் வந்தது. துணிக்கு நூல் பொருத்தும்போது டியூப் லைட்டை நம்பக் கூடாது என்று வாடிக்கையாளர்களை வாசல் வெயிலுக்கு இழுத்துப் போகிறவள் இவள். டாக்டர் மாதிரிப் பற்களை நீட்டியதும், நாற்காலியைவிட்டு அசையாமலே கேட்டாள்.

“அவளுக்கு வெச்சது எது?”

டாக்டர் ஒன்றைக் காட்டினார்.

“அதவிட ஒரு படி வெள்ளையா குடுங்க.”

“உன் மத்த பல்லெல்லாம் டீ குடிச்சுப் பழுத்துக் கிடக்குடி,” என்றேன். காதில் வாங்கவில்லை. டாக்டர் விவரமானவர். கேட்ட நிறத்திலேயே செய்து, “இப்போதைக்கு லேசா ஒட்டித் தரேன். போட்டுப் பழகிப் பாத்துட்டு வாங்க,” என்றார்.

மறுநாளே ஓரகத்தி வந்துவிட்டாள். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

“நூல் துணியோட சேரலியே அக்கா. ரெண்டு மட்டும் தனியா சிரிக்குது.”

என் நாத்தனாரின் முகம் சுண்டிவிட்டது. ஓரகத்தி போனதும் கைக்கண்ணாடியோடு வாசலுக்குப் போய், வெயிலில் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

“அவ சொன்னது சரியா அண்ணி?”

“சரிதான்.”

“அவ சொல்லி நான் மாத்தணுமா?”

“முதல்ல சொன்னவ நான். நான் சொன்னதா நெனச்சுக்கோ.”

அது அவளுக்குப் போதுமாக இருந்தது. திரும்பப் போனபோது டாக்டரை ஜன்னலோரம் நிற்க வைத்து, பல்லின் அடியில் லேசாக மஞ்சள் ஓடும் நிறமாகப் பொறுக்கினாள். அதைக் கட்டிய பிறகு எது பழசு, எது புதுசு என்று எனக்கே தெரியவில்லை.

சில நாள் கழித்து, ஓரகத்தி கடையில் இருந்த நேரம் ஒரு வாடிக்கைக்காரி வந்தாள். இருவரையும் பார்த்துச் சிரித்தவள், ஓரகத்தியிடம் நெருங்கி, “பளிச்சுனு இருக்கே, எந்த டாக்டர்கிட்ட பல்லு கட்டினீங்க?” என்றாள்.

ஓரகத்தி டக்கென்று வாயை மூடிக்கொண்டாள்.

“சொல்லேன்மா, கேக்குறாங்கல்ல,” என்றாள் என் நாத்தனார், முப்பத்திரண்டும் தெரிய. சந்தோஷம் தாங்காமல் கையிலிருந்த நூலைப் பல்லுக்குக் கொண்டுபோனாள். நான் கையில் ஒரு தட்டுத் தட்டிக் கத்தரியை நீட்டினேன்.

ஓரகத்தி ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்று, மெதுவாகத் தன் உதட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.