பேப்பர் இல்லாத குளிசை

முஆஸ் சின்னக் குறட்டால் தாளின் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, மேசையில் கிடந்த பச்சை றப்பர் விரிப்பின் மேல் படியவிட்டார். பிறகு வலது கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு குனிந்தார். எதிரில் நின்ற பெரியவர் திருத்தக் கொடுத்த போன் முதுகு திறந்தபடி ஓரமாகக் கிடந்தது. அது கிடக்கட்டும். பெரியவரின் பிரஷர் குளிசைப் பெட்டிக்குள் இருந்த தாள்தான் இப்போது அவசரம்.

"வயித்தப் பிரட்டும்," என்றார் முஆஸ், நிமிராமல். "தல சுத்தும். வறட்டு இருமல் வரும். பத்தாயிரத்தில ஒராளுக்கு மூஞ்சி வீங்கும்."

"அந்த ஒராள் நான் இல்லத்தானே?"

"யாராவது ஒராள் இரிக்கத்தானே வேணும்."

பெரியவர் குளிசையை எடுத்துக்கொண்டு போனார். போனை மறந்துவிட்டார்.

கற்பிட்டிக் கடைத்தெருவில் கருவாட்டுக் கடைகள் முடிகிற முனையில் இருக்கிறது அந்தக் கடை. போன் திருத்துவது அவருக்குத் தொழில். மருந்துத் தாள் வாசிப்பது சமூக சேவை. வயது முப்பத்து நாலு. கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் ஐந்து வருடம் வேலை செய்தவர். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை வாசிக்காமல் எதையும் இறக்கக்கூடாது என்பது அங்கே கட்டளை. ஊருக்கு வந்த பிறகும் அந்தக் கட்டளையை யாரும் அவருக்கு வாபஸ் வாங்கிக் கொடுக்கவில்லை. பிஸ்கட் பக்கற், ஷம்பூப் போத்தல், நுளம்புத்திரிப் பெட்டி, எதுவானாலும் முதலில் வாசிப்பு, பிறகுதான் பாவிப்பு. மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் மூன்று பேனை. கேட்டால் கேட்டதைவிட ஒன்றைக் கூடச் சொல்லுவார். நல்ல மனிதர். அடுத்த வீட்டில் குடியிருக்கிற நான் அதை எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன்.

அவருடைய மனைவி நிஸ்ரினுக்குத் தலைப்பிள்ளை பிறந்து பதினைந்தாம் நாள் பல்வலி வந்தது. கீழ்த் தாடையில் கடைசிப் பல். விடிந்தபோது ஒரு பக்கத்துக் கன்னம் பணிஸ் மாதிரி ஊதியிருந்தது. அவளுடைய தாய் ஸக்கியா உம்மா அலுமாரியைத் திறந்து, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பனடோல் என்ற சாதாரண நோவு மாத்திரைப் பெட்டியை எடுத்துவந்தார். மகளிடம் கொடுக்கவில்லை. மருமகனிடம் கொடுத்தார். "இங்கிலீஸ் தெரிஞ்ச மனிசன். பேப்பரப் பாத்துச் சொல்லட்டும்."

முஆஸ் கடையிலிருந்து கண்ணாடியைக் கொண்டுவந்து, ஜன்னலோரம் அமர்ந்து, முக்கால் மணித்தியாலம் வாசித்தார். நிஸ்ரின் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை போல. கடைசியில் அவர் ஒரு வரியில் விரலை வைத்தார்.

"பால் குடுக்கிற உம்மாமாரப் பத்திப் போட்டிரிக்கி."

"என்னெண்டு?"

"போட்டிரிக்கி எண்டா சும்மாவா போடுவானுகள்? பால்ல ஏறும். வேணாம். சபூர் செய்."

நிஸ்ரின் சபூர் செய்தாள், பொறுத்துக்கொண்டாள். கராம்பை வைத்துக் கடித்தாள், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. தேத்தண்ணியில் நனைத்த பாண்தான் சாப்பாடு. பிள்ளை பால் குடிக்கத் தாடையை அசைக்கும்போதெல்லாம் இவளுக்கும் தாடை துடித்தது. சின்ன எழுத்துகளை அவ்வளவு நேரம் பார்த்ததில் முஆஸுக்குத் தலையிடி வந்துவிட்டதால், அவர் அந்தப் பெட்டியிலிருந்தே இரண்டு பனடோலை விழுங்கிவிட்டுச் சாய்ந்துகொண்டார்.

"நான் பால் குடுக்கேல்லத்தானே," என்றார், நிஸ்ரின் பார்த்த பார்வைக்கு விளக்கமாக.

மூன்றாம் நாள் றொபி கடைக்கு வந்தான். கடலில் விழுந்த போனோடு வருடத்துக்கு நாலு தடவை வருகிற படகுக்காரன். முஆஸின் வாடிய முகத்தைப் பார்த்துக் காரணம் கேட்டான். கேட்டதும் வீட்டுக்கு ஓடிப்போய், போன வருடம் கால் முறிந்தபோது யாரோ கொடுத்து மிஞ்சியிருந்த குளிசைகளை ஒரு சின்னக் கடதாசி உறையில் கொண்டுவந்தான்.

"ஒண்டு போட்டாக் காணும். எனக்குக் கால் இருந்த இடமே தெரியேல்ல."

"பேப்பர் எங்க?"

"பேப்பரோ? இந்தா, இந்த உறைதான் பேப்பர்."

முஆஸ் கண்ணாடியைச் செருகி, உறையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார். பெயர் இல்லை, திகதி இல்லை. தலை சுத்தும் என்று இல்லை. பால் கொடுக்கும் தாய்மாரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இவ்வளவு குற்றமற்ற மருந்தை அவர் தன் வாழ்நாளில் வாசித்ததில்லை.

நிஸ்ரின் அன்று பின்னேரம் ஒன்று போட்டாள். மறுநாள் காலையில் ஒன்று, பகல் ஒன்று. வலி போன இடம் தெரியவில்லை. அவள் தூங்கினாள். பிள்ளையும் தூங்கியது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தெருவையே எழுப்புகிற பிள்ளை, ஆறு மணித்தியாலம் அசையாமல் கிடந்தது.

"உம்மாட நோவு போன ஒடனே புள்ளைக்கும் நிம்மதி, பாத்தீங்களா?" என்று முஆஸ் மதிலுக்கு மேலால் என்னிடம் சொன்னார். ஸக்கியா உம்மா, "தங்கமான புள்ள," என்றார். நிஸ்ரினுக்கு மட்டும் மனம் சரியில்லை. பால் கட்டி மார்பு கல்லாய் இறுகிக் கிடந்தது. பிள்ளையைத் தூக்கி வைத்தால் வாயைத் திறக்கவில்லை.

"புள்ள எழும்புதில்ல. எனக்குப் பயமா இரிக்கி."

முஆஸ் போனில் தேடினார். நன்றாகத் தூங்கும் குழந்தை நன்றாக வளரும் என்று யாரோ எங்கேயோ எழுதியிருந்தார்கள். அதை அவளுக்கு வாசித்துக் காட்டினார்.

நல்ல வேளையாக அன்று மருத்துவிச்சி டயனா மிஸ் வருகிற நாள். பிள்ளையின் பாரம் பார்க்க ஸ்கூட்டரில் வருகிற டயனா மிஸ் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றும்போதே கேள்விகளைத் தொடங்கிவிடுவார். கூடமாட உதவிக்கு நானும் போயிருந்தேன்.

"இண்டைக்கு எத்தினை தரம் பால் குடிச்சது, நிஸ்ரின்? எத்தினை தரம் நனைச்சது?"

"எல்லாம் நல்லா இரிக்கி மிஸ்," என்றார் முஆஸ். "நாங்க நேத்துலேர்ந்து நல்ல தூக்கம்."

"தம்பி, நான் பிள்ளையின்ர உம்மாட்டக் கேட்டனான்."

நிஸ்ரின் சொன்னாள். விடிந்ததிலிருந்து ஒரு தடவைதான், அதுவும் இரண்டு வாய். டயனா மிஸ் பிள்ளையைத் தூக்கினார். கை துணி மாதிரித் தொங்கியது. உள்ளங்காலை விரலால் தேய்த்தார். பிள்ளை முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி தூங்கியது. டயனா மிஸ்ஸின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. மூச்சை எண்ணியபடியே ஒரு கையால் அம்புலன்ஸுக்கு அடித்தார். பிறகுதான் கேட்டார்.

"என்ன மருந்து போட்டனீங்கள்?"

முஆஸ் உறையை நீட்டினார். "பேப்பர் ஒண்டும் இல்ல மிஸ். அதாலதான் பயப்படாமக் குடுத்த."

"நாகபாம்புக்கும் பேப்பர் இல்ல, தம்பி."

டயனா மிஸ்ஸின் கண் ஜன்னலோரப் பனடோல் பெட்டியில் விழுந்தது. "இது கிடக்க, அதை ஏன் குடுத்தனீங்கள்?"

முஆஸ் தாளை எடுத்து, அந்த வரியைக் காட்டினார். டயனா மிஸ் பிள்ளையை மார்போடு அணைத்தபடி, "வாசியுங்கோ. முழுசா," என்றார்.

முஆஸ் சொல் சொல்லாகத் தமிழில் சொன்னார். "பால் குடுக்கிற உம்மாமார்… பாவிக்க முந்தி… டொக்டர்ட்டக் கேளுங்க."

"கேளுங்க எண்டுதானே கிடக்கு? ஆரிட்டக் கேட்டனீங்கள்?"

ஜன்னலுக்கு வெளியே ஒரு கழுதை நின்று வேலியில் கிடந்த துணியை மென்றுகொண்டிருந்தது. முஆஸ் அதைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அம்புலன்ஸ் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் இளம் சிங்கள டொக்டர் ஒருத்தி, நல்ல தமிழில், உறையிலிருந்த குளிசையைப் பார்த்ததும் அடையாளம் சொன்னாள். அபின் சாதியைச் சேர்ந்த கடும் நோவு மருந்து. தாய் போட்டால் பாலோடு போகும். பத்தொன்பது நாள் பிள்ளைக்கு அதைச் சமாளிக்கத் தெரியாது. தூங்கும், குடிக்காது, மூச்சே மந்தமாகலாம். பிள்ளையின் காலில் சிவப்பு வெளிச்சம் எரிகிற வயர் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். நிஸ்ரின் டொக்டர் சொன்னபடி பாலைப் பிழிந்து வெளியே ஊற்றினாள். ஊற்றும்போது அழுதாள்.

முஆஸ் வாட்டுக்கு வெளியே சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தல்களை வாசித்துக்கொண்டு நின்றார். பார்வையாளர் நேரம், டெங்கு, கை கழுவும் முறை, எல்லாம் முடிந்து, தீயணைக்கும் சிலிண்டரின் மேல் எழுதியிருந்ததில் வந்து நின்றார். நான் மூன்று தரம் அந்த வழியால் போனேன். மூன்று தரமும் முதல் வரியிலேயே நின்றார்.

மறுநாள் காலையில் பிள்ளை வாட்டையே கிழிக்கிற மாதிரி அழுதது. அந்த அழுகையைக் கேட்டு அவ்வளவு பேர் சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிள்ளையை இன்னொரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். போகுமுன் டொக்டர் கட்டிலோரம் வந்து நிஸ்ரினோடு பேசினாள். பல்வலிக்குப் பனடோல் போடலாம், ஒரு நாளைக்குச் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம். அது போதாவிட்டால் இபுபுரோஃபன், சாப்பாட்டுக்குப் பிறகு. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுக் குளிசையைப் போட்டால் இன்னும் நல்லது. அஸ்பிரின் வேண்டாம். தடிமன், சளிக்கான மருந்தானாலும் கேட்காமல் வாங்க வேண்டாம், சிலது பாலைக் குறைக்கும். கன்ன வீக்கத்துக்கு எழுதியிருக்கும் அன்டிபயோட்டிக்குக்காகப் பாலை நிறுத்தத் தேவையில்லை. பிள்ளை வழக்கத்தைவிடக் கூடத் தூங்கினால், குடிக்க மறுத்தால், உடனே கொண்டுவா.

"மற்ற ஆட்களுக்குக் குடுத்த குளிசை ஒருநாளும் வேண்டாம் அம்மா. யார்கிட்ட மருந்து எடுத்தாலும் முதல்ல சொல்லுங்க, நான் பால் குடுக்கிறேன், பிள்ளைக்கு இத்தனை நாள் என்று."

"நாங்க சொல்லுவோம் டொக்டர்," என்றார் முஆஸ்.

டொக்டர் அவரைப் பார்க்கவில்லை. நிஸ்ரினையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் தலையாட்டும் வரை.

அதன் பிறகும் அவருடைய கடையில் தாள் வாசிப்பு நடக்கிறது. ஒரு வித்தியாசம், அரைவாசியில் நிறுத்தி, "இத டொக்டர்ட்டக் கேட்டீங்களா?" என்கிறார். இதனால் சேவைக்கு வரும் கூட்டம் குறைந்திருப்பதாக அவரே கவலைப்பட்டார். பயமுறுத்தாமல் அனுப்பினால் யார்தான் மறுபடி வருவார்கள்?

பன்னிரண்டு நாள் கழித்துப் பல்லைப் பிடுங்கப் போனார்கள். விறைக்க ஊசி போடுவார்களே, அது பாலுக்கு ஆகுமா என்று முஆஸுக்கு விடிந்ததிலிருந்து யோசனை. பிள்ளையை வைத்துக்கொள்ள நானும் கூடப் போனேன். பல் வைத்தியரின் மேசைக்கு முன்னால் ஒரேயொரு கதிரைதான் இருந்தது. முஆஸ் பழக்கத்தில் போய் அதில் அமர்ந்துகொண்டார். நிஸ்ரின் பின்னால் நின்றாள்.

வைத்தியர் நிமிர்ந்தார். "யாருக்கு? என்ன பிரச்சினை?"

"எங்களுக்கு…" என்று தொடங்கினார் முஆஸ்.

 திரும்பி நிஸ்ரினைப் பார்த்தார். பிறகு எழுந்து, கைத்துடைக்கும் லேஞ்சியை எடுத்து, தூசி ஒன்றும் இல்லாத அந்தக் கதிரையை ஒரு தடவை துடைத்து, அவள் பக்கம் திருப்பி வைத்தார்.