ஜெனலின் திட்டும் பாஷை

உப்பு நிரம்பிய அன்னக்கூடை தலைக்கு ஏறியதும் ஜெனலினின் வாய் திறந்துவிடும். முதல் அர்ச்சனை வெயிலுக்கு. அடுத்தது வரப்பில் வழியை மறித்து நிற்கும் கொக்குக்கு. சும்மாடு சரிந்தால் சும்மாட்டுக்கும் உண்டு. மரக்காணம் உப்பளத்தில் விடிந்தும் விடியாமலும் உப்பு சுமக்கிற பெண்கள் வரிசையில் அவளைத் தேடிக் கண்ணை இடுக்க வேண்டியதில்லை. காதைக் கொடுத்தால் போதும்.

அவள் திட்டுவது தமிழில் அல்ல, கினாராயாவில். பிலிப்பைன்ஸ் நாட்டுப் பனாய் தீவில் பேசுகிற பாஷை, விசயன் மொழிகளில் ஒன்று. அந்த நாட்டுத் தலைநகரத்துக்காரருக்கே விளங்காது. நம் காதுக்கு அது ஈரத்துணியை உதறுவதுபோலக் கேட்கிறது. எங்கு பார்த்தாலும் ரகரம். சொல்லுக்கு நடுவே தொண்டையில் சட்டென்று ஒரு நிறுத்தம். பக்கத்து நகரத்தார் ‘இல்லை’ என்பதை ‘வாலா’ என்று குழைவார்களாம். இவள் ஊரில் அது ‘வாரா’. அதற்காகவே நகரத்தார் தன் ஊராரைக் காட்டான்கள் என்று கேலி செய்வார்கள் என்பதை ஜெனலின் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

அந்தக் காட்டு பாஷைதான் இங்கே கைகொடுத்தது. குவைத்தில் ஒரே ஹோட்டல் சமையற்கட்டில் வேலை பார்த்த கலையரசனைக் கட்டிக்கொண்டு மரக்காணம் வந்தாள். வெளியாட்களுக்கு லேசில் படியாத ‘உப்பு’ இவளுக்கு முதல் நாளே படிந்துவிட்டது. உதட்டைக் குவித்து ‘உப்பூ’ என்று இழுக்கவில்லை. கடைசியில் வருகிற அந்த அரைகுறை உகரம் இவள் பாஷையிலும் இருக்கிறதாம். மாமியார் சகாயமேரி தெரு முழுக்கத் தமுக்கடித்துவிட்டார்: “எம் மருமவ உப்புன்னு எவ்ளோ சுத்தமா சொல்றா தெரியுமா!”

மற்றபடி அவளுடையது அளத்துத் தமிழ். “இன்னாக்கா, மூஞ்சி தொங்குது?” என்பாள். கருவாட்டுக் குழம்பில் பப்பாளிக்காயைப் போட்டுவிட்டு, யாராவது முகம் சுளித்தால், “துன்னு பாரு, அப்பால பேசு” என்று அடக்குவாள். வழி கேட்டால் கையைக் காட்டமாட்டாள். அவள் ஊர் வழக்கப்படி உதட்டை நீட்டித் திசை காட்டுவாள். புதிதாக வந்த லாரி டிரைவர் ஒருவர் அதைப் பார்த்துக் காது சிவந்துபோன கதையைக் கூட வேலை செய்யும் தெய்வநாயகி இன்னும் விடவில்லை.

மகள் பூவிழிக்கு நாலு வயது. பிள்ளை குழம்பிவிடக் கூடாது என்று ஜெனலின் வீட்டில் தமிழே பேசினாள். கொஞ்சுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் தமிழில். கோபம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அது தாய்மொழியிலேயே வந்து விழுந்தது.

ஞாயிறு மதியம் பனாயிலிருந்து அவள் அப்பா வீடியோவில் வருவார். மனைவி போன பிறகு தனியாள். பேத்தியின் வாயால் தன் பாஷையில் ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. அவர் கொஞ்ச ஆரம்பித்த மாத்திரத்தில் பூவிழி கதவுக்குப் பின்னால் ஓடிவிடுவாள். குழந்தைக்குத் தன்னைப் பிடிக்கவில்லையோ என்று ஒருநாள் கிழவர் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

ஜெனலின் மகளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“ஏன்டா ஓடுற? தாத்தா பாவம்ல?”

“தாத்தா எப்ப பாத்தாலும் என்னைத் திட்டுறாரும்மா. நான் ஒண்ணுமே பண்ணல.”

ஜெனலினுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பாஷை காதில் விழுந்தால் வசவுதான் என்று பிள்ளை முடிவுகட்டியிருக்கிறது. அப்பா கொஞ்சியதெல்லாம் பேத்திக்குத் திட்டாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. மறுநாள் அளத்தில் வெயிலும் கொக்கும் தப்பித்தன.

“இன்னாடி, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றாள் தெய்வநாயகி.

“எம் பாஷைய நானே கெட்ட பேரு வாங்க வெச்சிட்டேன்க்கா.”

அன்று முதல் கினாராயாவில் கொஞ்சிப் பார்த்தாள். இனிக்க இனிக்கத்தான் பேசினாள். பூவிழியோ அடி விழுமோ என்று அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை ஜெனலினால் தாங்க முடியவில்லை.

போன ஞாயிறு அப்பா வந்தபோது அவர் முன்னால் சோற்றுத் தட்டு ஆறிக் கிடந்தது. பசியில்லை என்றார். நேற்றும் சாப்பிடவில்லை என்பதை முகம் சொன்னது. ஜெனலினுக்குப் பொறுக்கவில்லை. மகள் வீட்டில் இருக்கிறாள் என்பதையும் மறந்து அப்பாவைக் கினாராயாவில் பிடிபிடியென்று பிடித்தாள். கிழவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கதவுக்குப் பின்னாலிருந்து பூவிழி எட்டிப் பார்த்தாள். இந்தத் திட்டு தனக்கில்லை என்று புரிந்ததும் மெல்ல வந்து அம்மாவின் இடுப்பை ஒட்டி நின்றாள். போனில் தாத்தாவின் குனிந்த தலையைப் பார்த்ததும் தைரியம் வந்துவிட்டது. விரலை நீட்டி, அம்மாவின் அதே குரலில், “காஉன் ரன்!” என்று ஒரு போடு போட்டாள். சாப்பிட அடம்பிடிக்கும்போதெல்லாம் அவள் வாங்குகிற அதட்டல் அது. தின்னு, இப்பவே தின்னு.

கிழவர் நிமிர்ந்தார். மறுபேச்சில்லாமல் சோற்றை அள்ளி வாயில் வைத்தார். பூவிழி மறுபடி அதட்டினாள். அவர் இன்னொரு வாய் அள்ளினார்; மெல்ல முடியாமல் சிரித்தார்.

பாதித் திட்டில் இருந்த ஜெனலின் வாயை மூடிக்கொண்டாள். போனை மகளின் இரண்டு கைகளிலும் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கிவிட்டு, தன் கையை எடுத்துக்கொண்டாள்.