மரத்தார் ஓட்டிய கப்பல்

ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் கை வலிக்கும்வரை தேய்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கையில் சட்டென்று வைத்தால் சுரீரென்று சுடும். தோட்டத்தில் வளர்ந்த யாருடைய கையிலும் அந்தச் சூடு ஒரு முறையாவது பட்டிருக்கும். வெயில் ஏறிய மாதங்களில் காய்கள் மரத்திலேயே 'பட், பட்' என்று வெடித்து, கொட்டைகள் தகரக் கூரைமேல் விழுந்து உருளும் சத்தத்தில் மத்தியானத் தூக்கம் கெட்டு எழுந்து, லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கு ஒரு மடி பொறுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவோம். மற்றப் பிள்ளைகளுக்கு அது சூடு வைத்துவிட்டு ஓடும் விளையாட்டு. என் அக்கா மல்லிகாவுக்கு மட்டும் அது எரிபொருள். இந்தக் கொட்டைக்குள் சேரும் சூட்டை வைத்துத்தான் பின்னால் கப்பலையே கிளப்பினார்கள் என்று அவள் அடித்துச் சொல்வாள். நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம்.

எங்கள் தோட்டம் ஈப்போவுக்குப் பக்கத்தில், சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே திரும்பும் செம்மண் பாதையில், ஒரு சுண்ணாம்புக்கல் மலையின் அடியில் இருந்தது. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார்கள். மூத்தவள் மல்லிகா, நடுவில் நான், கடைசியாகத் தம்பி கணேசன். கணேசன் பேசமாட்டான். காது கேட்கும், கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான், சில நேரம் நம்மைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டு நிற்பான். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது அதற்கு ஏதோ ஒரு பெயர் சொன்னார்கள். வீடு வந்து சேர்வதற்குள் அம்மா அதை மறந்துவிட்டாள். பேர் தெரிந்தால் மட்டும் பேசிவிடுவானா என்பாள். அவளுக்கு இருந்தது ஒரே கவலைதான். சோறு போடும்போதும், அவன் தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போதும், குழாயடியில் யாருடனாவது சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதும்கூட அது நடுவில் வந்து விழும்: "எனக்கப்புறம் இவன யாரு பாப்பா?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அக்கா பல நூறு ஆண்டு வரலாற்றைக் கட்டினாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துப் புரிந்தது. அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். பள்ளி நூலகத்துப் படப் புத்தகத்தில் பார்த்த கோள்களும், அறிவியல் ஆசிரியை போகிறபோக்கில் சொன்ன செய்திகளும், தோட்டத்து மண்டபத்துத் தொலைக்காட்சியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்த ராக்கெட்டுகளும் அவளுக்குப் போதுமானவையாக இருந்தன. மற்றவர்கள் கதை சொன்னால் 'ஒரு ஊரில்' என்று தொடங்குவார்கள். இவள் "மூவாயிரமாம் வருசத்துக்குக் கொஞ்சம் முந்தி" என்று தொடங்குவாள். அதுவும் நடந்து முடிந்ததைப் போலத்தான் சொல்வாள். ஒரு நாள் நான் "நடக்கப் போகுதா அக்கா?" என்று கேட்டதற்கு, எரிச்சலோடு, "நடக்கப் போகுதுன்னு சொல்லாதலா. நடந்துருச்சு. நாமதான் இன்னும் அங்க போய்ச் சேரல" என்றாள்.

அவளுடைய கணக்கில் அந்தக் காலத்து மனித இனம் மூன்றாகப் பிரிந்திருந்தது. நம்மைப் போல் உண்டு உறங்கிச் சண்டை போடுகிறவர்கள் 'மண்ணார்'. வேலை செய்து செய்து அறிவு வந்து, அறிவு வந்தபின் மரியாதையும் பழகிக்கொண்ட இயந்திரங்கள் 'மெசினார்'. மூன்றாவது இனம் 'மரத்தார்'. தலைமுறை தலைமுறையாகப் பால்மரங்களுக்கு நடுவில் வாழ்ந்ததில் மரத்தின் குணம் உடம்பில் இறங்கி, பேச்சு தேவைப்படாமலே எல்லாம் அறிந்துகொண்ட மனிதர்கள் அவர்கள். யார் எந்த இனம் என்பதில் எங்களுக்குள் தினமும் அடிதடி. மெசினாருக்குப் பசிக்காது, எனவே அரிசி களையவும் வேண்டாம், தட்டுக் கழுவவும் வேண்டாம் என்ற ஒரே காரணத்துக்காக நான் மெசினார் பக்கம் சேர்ந்துகொண்டேன். மரத்தார் பக்கம் யாரும் போகவில்லை. வாயை மூடிக்கொண்டு இருக்க எந்தப் பிள்ளையால் முடியும்? அங்கே கணேசன் மட்டும் இருந்தான்.

ஆனால் கப்பலை ஓட்டியவர்கள் மரத்தார்தான். எங்கள் சுண்ணாம்புக்கல் மலை வெறும் மலை அல்ல, உள்ளே குடைந்து வைத்த கப்பல் என்றும், பூமியில் வெயில் தாங்காமல் போனபோது அதில்தான் எல்லாரும் புறப்பட்டார்கள் என்றும் அக்கா சொன்னாள். விண்வெளியில் காற்று இல்லை, காற்று இல்லாத இடத்தில் சத்தம் கேட்காது என்று பள்ளியில் படித்திருந்தாள். "பேசுறவன் அங்க போனா பயந்துருவான். நெதமும் சத்தம் இல்லாம இருந்து பழகுனவன்தான் ஓட்டணும்" என்று அவள் சொன்னபோது, லயத்துப் பிள்ளைகள் முதல் முறையாகக் கணேசனைக் கொஞ்சம் மரியாதையோடு திரும்பிப் பார்த்தார்கள். அவன் மங்குக் கிண்ணம் ஒன்றில் மணலை அள்ளி ஊற்றி, அள்ளி ஊற்றி விளையாடிக்கொண்டிருந்தான்.

அந்த வரலாற்றில் எல்லாரையும் கவர்ந்த கட்டம் ஒன்று உண்டு. தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்தி, மண்டோர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் 'பெரட்டு' என்று பெயர். பேர் கூப்பிட்டதும் கையை உயர்த்த வேண்டும். உயர்த்தினால்தான் அன்றைக்கு அவர் ஆள். பிள்ளைகள், கிழவர்கள், நோயாளிகள் பேரையெல்லாம் அங்கே கூப்பிட மாட்டார்கள். கணேசன் வளர்ந்தாலும் அவன் பேர் அங்கே ஒருநாளும் கேட்காது என்பதை அம்மா வேறு வேறு விதமாகச் சொல்லி அழுதிருக்கிறாள். அக்காவின் வரலாற்றில் புறப்படும் நாளன்று மெசினார் பெரிய பெரிய கைகளோடு வந்து பெரட்டுக் களத்தில் நிற்பார்கள். ஒருவரையும் விடாமல் பேர் கூப்பிடுவார்கள். முதலில் கூப்பிடும் பேர், கப்பலோட்டி கணேசன்.

அம்மா அடுப்படியிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். திட்ட மாட்டாள். "இவளுக்கு வாய் இருக்கு, ஊர விக்கிறா" என்று மட்டும் சொல்லிவிட்டு அகப்பையைத் திருப்புவாள். அவளுக்கும் அந்தக் கட்டம் பிடித்திருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

தோட்டம் கைமாறப் போகிறது என்ற பேச்சு வந்தபோது அப்பா அசரவில்லை. "யாரு வாங்குனாலும் பால் எடுக்க ஆளு வேணும்ல" என்றார். வாங்கியவர்களுக்குப் பால் வேண்டாம், நிலம்தான் வேண்டும் என்பது மெதுவாகத் தெரியவந்தது. லயத்தில் சத்தம் குறைந்தது. லூமுட்டில் மச்சான் வீடு இருக்கிறது என்று ஒரு குடும்பம் கிளம்பியது. கோலாலம்பூரில் தொழிற்சாலை வேலை கிடைக்கும் என்று இன்னொன்று. பிள்ளைகள் குறையக் குறைய அக்கா கதையை இன்னும் பலமாகச் சொன்னாள். போனவர்களுக்கெல்லாம் கப்பலில் இடம் பிடித்து வைத்தாள்.

அப்புறம் ஒரு காலையில் மண்வாரி இயந்திரங்கள் வந்தன. நீள நீளமான லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து, சமமான தரை அது ஒன்றுதான் என்பதால், பெரட்டுக் களத்திலேயே இறக்கினார்கள். மஞ்சள் நிறத்தில், மடக்கிய கைகளோடு அவை வரிசையாக நின்றன. நானும் அக்காவும் குழாயடியில் வாளியோடு நின்று பார்த்தோம். எங்களுக்கு அவை மரத்தைச் சாய்க்க வந்தவை என்று தெரியும். வீட்டில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

கணேசன் தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பொத்தானை மாற்றி மாட்டி, தலையணை உறை ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு களத்துக்கு நடந்து போனான். அவனுக்கு அப்போது எட்டு வயது. ஆட்கள் நிற்கும் இடத்தில் போய் நேராக நின்று, ஒரு கையை உயர்த்தினான். அவனை யாரும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றவன், தரையில் கிடந்த இரும்புக் கையின் மண் அள்ளும் வாய்க்குள் ஏறி உட்கார்ந்துகொண்டான். மறுபக்கமாக ஏறிய மலாய்க்கார ஓட்டுநர் இயந்திரத்தை முடுக்கினார். கை மேலே எழும்பியது.

அக்கா ஓடிய ஓட்டம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அந்த இயந்திரத்துக்கு நேர் முன்னால் போய் நின்றுவிட்டாள். ஓட்டுநர் பதறி நிறுத்தி, கையை மெல்ல இறக்கி, கீழே குதித்து வந்து பார்த்தார். "துருன், அடேக், துருன்" என்று இறங்கச் சொல்லிக் கெஞ்சினார். கணேசன் இறங்கவில்லை. உயர்த்திய கையை மட்டும் அவருக்குக் காட்டினான். அவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அவனைத் தூக்கி இறக்கியபோது தலையணை உறை அவிழ்ந்து கொட்டியது. உள்ளே இருந்தவை எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுகள். அப்பாவின் பெரிய தட்டு, விளிம்பு நசுங்கிய என் தட்டு, அம்மா, அக்கா, அவன் தட்டு என்று ஐந்து பேருக்கும் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். அத்தனை காலமும் மணலை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தவன் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்குச் சந்தோஷப்படக்கூட நேரம் இல்லை. ஓடி வந்த அம்மா, அதுவரை கைநீட்டியே அறியாத அம்மா, அக்காவை எல்லார் முன்னாலும் அறைந்தாள். "இல்லாத ஒலகத்தச் சொல்லிச் சொல்லி எம்புள்ளயக் கொல்லப் பாத்தியே" என்றாள். அக்கா அழவில்லை. குனிந்து தட்டுகளைப் பொறுக்கினாள். அன்றோடு அவள் கதை சொல்வதை நிறுத்திவிட்டாள்.

நாங்கள் ஈப்போவில் ஓர் அடுக்குமாடிக்கு வந்தோம், நான்காவது மாடி. தோட்டத்தில் கணேசன் எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். இங்கே அவனை யாருக்கும் தெரியாது. ஒருமுறை வேறொருவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டான் என்று பெரிய ரகளையாகி, அதன்பின் இரும்புக் கதவைப் பூட்டியே வைத்தோம். அவன் பல வருடம் அந்தக் கம்பிகளுக்குப் பின்னால் இருந்தான். அதை நினைத்தால் எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை, ஆனால் கோபம் மட்டும் தீரவில்லை.

அக்கா படிப்பை விட்டுவிட்டு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனாள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பிகளைப் பார்த்துச் சரிசெய்யும் வேலை. வருங்காலத்தைச் செய்கிற இடத்திலேயே இவளுக்கு வேலை கிடைத்துவிட்டதே என்று நான் பெருமையாகச் சொன்னால், கண் எரிகிறது என்பாள். பின்னாளில் அந்த வேலையை இயந்திரமே செய்யத் தொடங்கி, அவளை அனுப்பிவிட்டார்கள். "மெசினார் வந்துட்டாங்க. பேர் கூப்பிடல" என்றாள். அவள் சிரித்தாள், என்னால் முடியவில்லை. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதிலைத் தாங்க வேண்டியிருக்கும். அப்பா போனார். அம்மா போகும்போது அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை; அக்காவின் கையைப் பிடித்துக் கணேசனின் கைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

கேள்வி அத்தோடு தீர்ந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சென்ற ஆண்டு அக்காவுக்குப் புற்றுநோய் முற்றிய நிலையில் தெரியவந்தது. கடைசி நாட்களில் கணேசனைத் தினமும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஒரு பிற்பகல் நான் கீழே போய்ச் சூடாக மைலோ வாங்கிக்கொண்டு திரும்பியபோது, நரைத்த தலையோடு அவன் கட்டிலில் குனிந்திருக்க, அவள் அவன் காதோடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கி வாங்கி, விரலால் மேலே காட்டிச் சொன்னாள். அவளை அப்படிப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நான் கிட்டே போனதும் நிறுத்திவிட்டாள்.

"என்னக்கா சொன்ன?"

"முடிவு."

"எனக்கும் சொல்லேன்லா."

"அவன்கிட்ட கேட்டுக்க" என்று சிரித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளால் அதிகம் பேச முடியவில்லை.

கணேசன் இப்போது என் வீட்டில் இருக்கிறான். போன மாதம் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு எங்கள் தோட்டம் இருந்த பக்கம் போனேன். லயம் இல்லை, களம் இல்லை, பேருக்கு ஒரு பால்மரம்கூட இல்லை. ஒரே மாதிரி வீடுகள், ஒவ்வொன்றின் வாசலிலும் கார். மலையில் பாதியைக் கல்லுக்காக வெட்டி எடுத்திருக்கிறார்கள். காட்டிச் சொல்ல ஒரு பொருள் மிஞ்சவில்லை. சொன்னால் ஆமாம் என்று ஒத்துக்கொள்ள வேண்டியவளும் இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் மிச்சமிருந்த பாதி மலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கும் வயதாகிறது, சர்க்கரை இருக்கிறது, பிள்ளைகள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "அக்கா என்னடா சொன்னா?" என்று அவனிடம் கேட்டேன். அவன் திரும்பி என் முகத்தை நன்றாகப் பார்த்தான். தன் சட்டை நுனியால் என் கண்ணைத் துடைத்தான். அந்த முடிவு தெரிந்தவன் உலகத்தில் அவன் ஒருவன்தான். அதில் அவனை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அது நானா என்றாவது தெரிய வேண்டும்.